பிறந்த குழந்தையின் குதிகால் துளியில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைத் தேடுவது டெல்டா மாவட்டங்களில் நடக்கக்கூடியதா?

குடமுருட்டி (பாபநாசம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வரும் ஆவணியில் மூன்றாவது பிரசவம். பிரசவத்துக்குப் பதிவு செய்யச் சென்ற இடத்தில், குழந்தையின் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட பிறவி நோய்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வண்ணத்தில் அச்சிட்ட ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தார்கள். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். அந்தப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடலின் சுரப்புகள் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பரம்பரை நோய்) என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

தங்கையின் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில், ஒரு சித்திரை வெயிலில், இரண்டு நாள் வாந்திக்குப் பின் துவண்டு இறந்துபோனான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்துப் பிறந்த பெண்ணும் பால் நன்றாகக் குடித்தாள், ஆனால் எடை ஏறவில்லை. சவலை என்றார்கள், மாந்தம் என்றார்கள், உரமருந்து உரைத்துக் கொடுத்தோம். பிறகு ஒரு மருத்துவமனையில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அவளுடைய கோவணத் துணியை எத்தனை முறை துவைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. உச்சி வேளையில் தூங்கி எழுந்தால் நெற்றியோரம் வேதாரண்யத்து உப்பளப் பாத்தியைப் போல வெள்ளையாகப் பூத்திருக்கும். முத்தம் கொடுத்த என் அம்மா, "பிள்ளை என்ன இப்படி உப்புக் கரிக்கிறது" என்று பல முறை சொல்லியிருக்கிறார். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, எந்த மருத்துவரிடமும் சொல்லவுமில்லை.

பதினான்காம் மாதத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான் வியர்வைப் பரிசோதனை செய்தார்கள். முன்கையில் மருந்து வைத்து, மிக மெல்லிய மின்சாரம் செலுத்தி, சுரந்த வியர்வையைச் சேகரித்து அதிலுள்ள குளோரைடை அளந்தார்கள். 60க்கு மேல் இருந்தால் நோய் என்றார்கள், இவளுக்கு 104 இருந்தது. மரபணுச் சோதனையில், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளிலும் எஃப்508டெல் என்ற அதே பிழை இருப்பது தெரிந்தது. இன்று அவளுக்கு நான்கு வயது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்பாகக் கணைய நொதி மாத்திரையைப் பிரித்து, அதிலுள்ள குருணையைப் பிசைந்த வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிறோம். காலையும் மாலையும் நெபுலைசர் வைத்து, முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றுகிறோம். தேறி வருகிறாள்.

என் கேள்வி இதுதான். முதல் பிள்ளைக்கே அந்த ஒரு துளியை எடுத்துப் பார்த்திருந்தால் அவன் இருந்திருப்பானே? இந்தப் பரிசோதனையை அரசே எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் செய்யக் கூடாது?

---

வீரசோழன் (மயிலாடுதுறை)

தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். இது வெள்ளைக்காரர்களிடம் காணப்படும் நோய் என்றுதான் நான் படித்திருக்கிறேன். நம் ஊரில் சத்துக் குறைவும் இரத்தசோகையும் மலிந்து கிடக்கும்போது, ஏதோ ஓரிரு குழந்தைகளுக்கு வரும் நோய்க்காக ஒவ்வொரு குழந்தையின் காலையும் குத்துவது நியாயமா? முப்பத்தோராண்டு தணிக்கைத் துறையில் இருந்தவன் என்பதால் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறேன்.

---

கோரையாறு (லண்டன், சொந்த ஊர் மன்னார்குடி)

வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் இங்கேயும் நெடுங்காலம் இருந்தது. அதனாலேயே இங்குள்ள நம்மவர் குழந்தைகளுக்கு நோய் தாமதமாகத் தெரிந்த கதைகளும் உண்டு. என் மகன் பிறந்த ஐந்தாம் நாள் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து, குதிகாலைக் குத்தி, ஒரு தாளில் வட்டம் வட்டமாக இரத்தத்தை ஊற விட்டு எடுத்துப் போனார். பிரிட்டன் முழுவதும் 2007 முதல் அந்தத் துளியில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸையும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2010க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. எனக்குச் செலவு ஒரு பைசா இல்லை. நான் எதிலும் கையெழுத்துக்கு அலையவும் இல்லை. ஆறேழு வாரத்தில் எல்லாம் சரி என்று கடிதம் வந்தது. இதை நம் ஊரில் செய்ய முடியாது என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புரியவில்லை.

---

அரசலாறு (கும்பகோணம், ஆய்வக நுட்புநர்)

லண்டன் நண்பருக்குக் கடிதம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை, இரத்தத் துளித் தாள்களைக் கையில் வாங்குபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தத் துளியில் நோயையே யாரும் பார்ப்பதில்லை. கணையம் சுரக்கும் டிரிப்சினோஜன் என்ற பொருளைத்தான் அளக்கிறோம். சுருக்கமாக ஐ.ஆர்.டி. என்பார்கள். இந்நோயில் கணையத்தின் நாளங்கள் கெட்டியான சுரப்பால் கருவிலேயே அடைபடுவதால், குடலுக்குப் போக வேண்டிய அந்தப் பொருள் இரத்தத்தில் கசிந்து அளவு கூடுகிறது. உலர்ந்த இரத்தத் துளியில் இதை அளக்கலாம் என்று நியூசிலாந்தில் 1979இல் காட்டினார்கள். ஆனால் குறைமாதக் குழந்தைக்கும், பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைக்கும்கூட இது கூடும். முதல் துளியில் கூடுதல் என்று வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் இருக்காது. அதனால்தான் இரண்டாம் படி தேவைப்படுகிறது. ஒரு வழி, இரண்டு வாரம் கழித்து மறுபடி துளி எடுத்து அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே துளியில் மரபணுப் பிழைகளைத் தேட வேண்டும்.

இந்த மரபணுப் படியில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்த மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள், அதன் பிறகு அதில் ஆயிரக்கணக்கான மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் சோதனைத் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழைகளை வைத்துத் தயாரிக்கப்பட்டவை. எஃப்508டெல் இந்தியரிடமும் உண்டு, ஆனால் ஐரோப்பியரிடம் இருக்கும் விகிதத்தில் இல்லை. ஆகவே அந்தத் தொகுப்பில் எதுவும் இல்லை என்று வந்தால் நம் குழந்தைக்கு நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மடிப்புத் தாளில் இதையெல்லாம் அச்சிட மாட்டார்கள்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய துளி வட்டம் முழுவதும் பின்பக்கம் வரை ஊற வேண்டும். பிறகு வெயில் படாமல், மட்டமாக வைத்து, குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் தாள்களைப் பார்த்தால் தெரியும். சில தாள்கள் உறைக்குள்ளேயே ஈரம் காயாமல், வட்டத்தின் ஓரத்தில் நீர்வளையம் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். வெப்பமும் ஈரப்பதமும் ஐ.ஆர்.டி. அளவைக் குறைத்துவிடும். குறைந்தால் என்ன ஆகும் என்றால், நோயுள்ள குழந்தை நலம் என்ற சான்றிதழோடு வீட்டுக்குப் போய்விடும்.

---

ஓடம்போக்கி (திருவாரூர் மாவட்டம், கிராம சுகாதார செவிலியர்)

ஆய்வகத் தம்பி சொன்ன ஈரத் தாளை நான் அனுப்பியிருக்கவும் கூடும்.

சுகப்பிரசவம் என்றால் தாயும் சேயும் இரண்டு நாளில் 102 வண்டியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் துளி எடுக்க வேண்டும் என்பதால், வண்டி வாசலில் நிற்கும்போது அவசரமாக எடுப்பதுதான் நடைமுறையில் நடக்கும். முதல் துளி வரை சரி. இரண்டாவது துளிக்கு அழைப்பதுதான் பாடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில், பதிவில் இருக்கும் எண் கணவனுடையது, கணவன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான். குழந்தைக்கு ஏதோ கோளாறாம், மறுபடி இரத்தம் கேட்கிறார்கள் என்ற செய்தி நான் அந்த வீட்டுக்குப் போவதற்குள் தெரு முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். ஒருமுறை வேறொரு பரிசோதனைக்காக இப்படித் தேடிப் போனபோது, அந்தப் பெண்ணின் மாமியார், "பிள்ளைக்குக் குறை என்று எழுதியிருக்கிறாயாமே" என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டார். மறுபரிசோதனையில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பால் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்தவுடன் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்றவற்றைப் பார்த்துப் பதிகிறோம். அந்தத் திட்டப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை. குடமுருட்டி அண்ணன் பதிவைப் படிக்கும்வரை எனக்கும் பெயரளவில்தான் தெரியும்.

---

வெண்ணாறு (தஞ்சாவூர், ஓய்வு பெற்ற குழந்தைகள் நல மருத்துவர்)

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். முதலில் குடமுருட்டி அவர்களின் தங்கைக்கான பதில், ஏனென்றால் அதுதான் அவசரம்.

அந்த மடிப்புத் தாளில் உள்ள பரிசோதனைக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை எண்ணிப் பணம் கட்ட வேண்டாம். ஐ.ஆர்.டி. என்பது எதுவுமே தெரியாத குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்புவதற்கான கருவி. உங்களுக்கு எல்லாம் தெரியும். எந்த மரபணுவில், எந்த இடத்தில், என்ன பிழை என்பது வரை பெண்ணின் அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஆகவே குழந்தை பிறந்ததும் சிறிது இரத்தம் எடுத்து, அந்த ஒரே ஒரு பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி, மூத்த பெண்ணின் அறிக்கை நகலோடு அனுப்புங்கள். இரண்டு பிரதி இருந்தால் நோய், ஒன்று இருந்தால் கடத்துநர் (நோயில்லாமல் பிழையை மட்டும் சுமப்பவர்), இல்லையென்றால் ஒன்றுமில்லை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வியர்வைப் பரிசோதனை தேவைப்பட்டால் குழந்தைக்கு இரண்டு வாரமாவது ஆகி, இரண்டு கிலோவைத் தாண்டிய பிறகு செய்யலாம். அதற்கு முன் போதுமான வியர்வை கிடைப்பது அரிது. பிறந்த குழந்தைக்கு முதல் மலம் போகாமல் வயிறு உப்பினால் மட்டும் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே அறுவை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். இந்நோயுள்ள குழந்தைகளில் ஆறில் ஒன்று அப்படித்தான் முதலில் வெளிப்படும், அப்போது ஐ.ஆர்.டி. சாதாரணமாகக் காட்டி ஏமாற்றவும் கூடும்.

இனிப் பொதுக் கேள்வி. வீரசோழன் ஐயா கணக்குக் கேட்டார். இந்தியாவில் இந்நோய் எத்தனை பேருக்கு ஒருவர் என்பதற்கு, வெளிநாடுகளில் குடியேறிய இந்திய வழியினரை வைத்துச் செய்த மதிப்பீடுகள் பத்தாயிரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து நாற்பதாயிரத்துக்கு ஒன்று என்பது வரை பரந்து கிடக்கின்றன. ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 20,000 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு குழந்தையாகவும் இருக்கலாம், இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். ஐ.ஆர்.டி. அளவில் மேலே உள்ள நூற்றுக்கு ஒருவரை மறுபடி அழைப்பது என்று வரம்பு வைத்தால், அந்த ஒன்றிரண்டு பேருக்காக 200 தாய்மார்களின் வாசலில் ஓடம்போக்கி அம்மா போய் நிற்க வேண்டும். அதே தாளின் இன்னொரு வட்டத்தில் பிறவித் தைராய்டுக் குறைபாட்டைப் பார்த்தால், ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டுக்கு இருபது குழந்தைகள் அகப்படுவார்கள். அவர்களுக்குத் தர வேண்டியது நாளொன்றுக்கு ஒரு சிறு தைராக்சின் மாத்திரை. முதல் சில வாரங்களுக்குள் தொடங்கினால் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும், தவறினால் திரும்பக் கிடைக்காது. கேரள அரசு மருத்துவமனைகளில் தைராய்டு உள்ளிட்ட சிலவற்றைத் துளியில் பார்க்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அந்த வரிசையில் இல்லை, அதற்குக் காரணமும் இந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

ஆனால் என்னை உறுத்துவது இன்னொன்று. உங்கள் முதல் மருமகன் சித்திரையில் இறந்த விதத்தைப் படித்ததும் நான் எழுந்து சிறிது நேரம் நடந்தேன். இந்நோயில் வியர்வை வழியே உப்பு வடிந்துகொண்டே இருக்கும். 1948இல் நியூயார்க்கில் வெயில் கொளுத்தியபோது இந்நோயுள்ள குழந்தைகள் சுருண்டு விழுந்ததைப் பார்த்துத்தான் வியர்வையில் உப்பு மிகுதி என்பதே ஆராயப்பட்டது. நம் டெல்டாவின் கத்திரி வெயிலில் கைக்குழந்தைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையின் இரத்தத்தில் பெரும்பாலும் அமிலம் கூடியிருக்கும். இந்தக் குழந்தைகளிடமோ சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைந்து, இரத்தம் காரத்தன்மைக்குப் போயிருக்கும். இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை, தலைமை மருத்துவமனையில் அன்றாடம் செய்யும் பரிசோதனைதான். அதன் முடிவைப் பார்த்துவிட்டு, "தாயே, பிள்ளை உப்புக் கரிக்கிறதா" என்று கேட்கும் மருத்துவர்தான் தேவை. என் பணிக்காலத்தில் நானும் எல்லா முறையும் கேட்டதில்லை.

---

குடமுருட்டி

மருத்துவர் ஐயா, தங்கை பற்றிய விளக்கத்துக்கு மிகவும் நன்றி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனால் முழுவதும் ஏற்க மனம் வரவில்லை. நீங்கள் சொல்லும் வழியில் நோய் தெரிய வேண்டுமென்றால் ஒரு குழந்தை முதலில் துவண்டு விழ வேண்டும், அல்லது எங்களைப் போல ஒன்றைப் பறிகொடுத்திருக்க வேண்டும். துளிப் பரிசோதனையின் பயனே அதற்கு முன்பு தெரிந்துகொள்வதுதானே? இருநூறு தாய்மார்கள் மூன்று வாரம் பயப்படுவதையும் என் தங்கை அனுபவித்த ஆறு ஆண்டுகளையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

---

வீரசோழன்

நண்பரே, ஒன்று கேட்கலாமா? தங்கள் தங்கை மணந்தது தாய்மாமனையா? அப்படியானால் பரிசோதனையைவிட அந்த வழக்கத்தை விடச் சொல்வதுதானே மலிவான மருந்து?

---

குடமுருட்டி

ஆமாம், எங்கள் அம்மாவின் கடைசித் தம்பியைத்தான். அவர் போல ஒரு மனிதர் வெளியில் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். நடந்துவிட்ட திருமணத்துக்கு மருந்து சொல்ல வேண்டாம்.

---

வெண்ணாறு

வீரசோழன் ஐயாவின் கேள்வியில் விஷயம் உண்டு, கேட்ட விதத்தில்தான் பிழை. மாமன் ஒரு பிழைப் பிரதியைச் சுமந்தால், அக்காள் மகளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு வாய்ப்பு. உறவே இல்லாதவரிடம் அது மிக அரிது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று நோய். முறைமாமன் கல்யாணம் குறைந்து வந்தாலும் நம் பக்கம் அற்றுப்போகவில்லை. அதைத் திட்டுவதைவிட அதையே ஒரு தகவலாகப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். பிரசவப் பதிவிலேயே இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: சொந்தத்தில் திருமணமா, முன்பு கைக்குழந்தை இறந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தக் குழந்தை தனிக் கவனத்துக்கு உரியது.

குடமுருட்டி அவர்கள் சொன்னதையும் நான் தள்ளவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1985 முதல் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்ததில், பிறந்தவுடன் நோய் தெரிந்த குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் மேலாக வளர்ந்தார்கள். அந்தப் பயன் உண்மையானது. ஆனால் அங்கே துளியில் சந்தேகம் வந்த அடுத்த சில வாரங்களில் வியர்வைப் பரிசோதனை, நொதி, உப்பு, உணவு ஆலோசனை எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. இங்கே நீங்கள் அந்த ஒரு வியர்வைப் பரிசோதனைக்கு வேலூருக்கு ஓடினீர்கள். என்னைக் கேட்டால் டெல்டாவில் ஓர் இடத்தில், தஞ்சையிலோ திருவாரூரிலோ, ஒழுங்காக வியர்வைப் பரிசோதனை செய்யும் ஒரு கருவியும் அதில் கைபழகிய இரண்டு பேரும் வேண்டும் என்று முதலில் கேட்பேன். நொதி மாத்திரை தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அடுத்தது. அவை வந்த பிறகு துளித் தாளில் இன்னொரு வட்டம் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மரபணுப் பிழையையே சரிக்கட்டும் மூன்று மருந்துக் கலவை 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எஃப்508டெல் உள்ளவர்களுக்குப் பலன் தருவது. அப்போது அங்கே அதன் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலரை ஒட்டியது என்பதால் அதைப் பற்றி இங்கே மேற்கொண்டு பேசவில்லை.

---

அரசலாறு

வியர்வைப் பரிசோதனைக்கு ஆள் பழகுவதுதான் கடினம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சேகரித்த வியர்வை சிறிது ஆவியானாலும் உப்பு அளவு பொய்யாகக் கூடிவிடும். மாதத்துக்கு ஒரு குழந்தைக்கு மட்டும் செய்தால் கை பழகாது. மூன்று நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து ஓர் இடம் என்று மருத்துவர் சொல்வதே சரி.

---

ஓடம்போக்கி

அந்த இரண்டு கேள்விகளையும் நான் என் சொந்தக் குறிப்பேட்டில் இந்த மாதமே சேர்த்துவிட்டேன், மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. நாற்பத்தொரு தாய்மார்களில் சொந்தத்தில் மணந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவருக்கு முந்தைய குழந்தை நான்காம் மாதத்தில் இறந்திருக்கிறது. எதனால் என்று கேட்டேன். "வெயில் தாங்கவில்லை" என்றார். என்ன செய்யலாம், ஐயா?

---

வெண்ணாறு

அந்த ஒரு பதிலை வைத்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம், காரணம் நூறு இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் குழந்தையின் எடையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களே எடுங்கள். மலம் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் துணியை நேரில் பாருங்கள். எடை ஏறவில்லை என்றாலோ, துணியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கே அனுப்புவது என்று சொல்கிறேன்.

---

குடமுருட்டி (ஆவணி இறுதியில்)

தங்கைக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். முதல் மலம் அன்றிரவே போனது. மூன்றாம் நாள் இரத்தம் எடுத்து, மூத்தவளின் அறிக்கை நகலை இணைத்து அனுப்பினோம். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அதுவரை என் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, ஒருமுறைகூட முத்தம் கொடுக்கவில்லை.

நேற்று வந்துவிட்டது. ஒரு பிரதிதான்.

---

வெண்ணாறு

மிக்க மகிழ்ச்சி. அவள் கடத்துநர், நோயாளி அல்ல. நொதியும் வேண்டாம், தனி உப்பும் வேண்டாம். தடுப்பூசிகளை நாள் தவறாமல் போடுங்கள். அந்த முடிவை மட்டும் தொலைக்காமல் வையுங்கள், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் தேவைப்படும்.

---

குடமுருட்டி

அறிக்கைத் தாள் எங்கள் வீட்டில் தங்காது, ஐயா. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் மையால் எழுதி, மேலே ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டேன்.